ஆவி காட்டிய செடி

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில் அவளிடமிருந்து போன் வந்தது இந்தப் பதினோரு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

"இன்னைக்கு நாலு மணிக்கு அங்க வர்றேன். செடியை எடுத்துக்கிட்டு ஆறு மணி ரயிலுக்குத் திரும்பிடுவேன். அட்டைப்பெட்டி நானே கொண்டு வர்றேன், நீ ஒண்ணும் தேட வேண்டாம்."

சின்னவள் வாயில் பிரஷ்ஷை வைத்தபடி "ம்" என்றாள்.

"இலை ஓரம் காயுதா?"

"இல்லம்மா."

"சரி." போனை வைத்துவிட்டாள்.

அம்மா எடுத்துப்போக வரும் செடி இருபத்திரண்டு நாளைக்கு முன்பே செத்துப்போயிருந்தது.

வாராவாரம் இந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு அந்த இருபத்திரண்டு நாளின் கதை தெரியும். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

அப்பா ஒரு துணி ஆலையில் முப்பத்தெட்டு வருடம் பாய்லர் ஓட்டியவர். கோபம் வந்தால் கத்த மாட்டார், கைநீட்ட மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு வாரம், ஒரு மாதம், ஒருமுறை ஐந்து மாதம். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். போன வருடம் ஒரு காலையில் ஒரு பெட்டியோடு தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். சண்டை என்று எதுவும் இல்லை. "பதில் வராத வீட்டுல எத்தனை நாள்தான் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கிறது" என்று சின்னவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

செடியை அப்போது எடுத்துப் போகவில்லை. ரயில் பெட்டியின் வறட்டுக் காற்றை அது தாங்காது என்றாள். ஒன்பது வருடம் அவள் வளர்த்த கலாத்தியா அது. இடுப்புயரம், கரும்பச்சை இலை, இலை மேல் யாரோ தூரிகையால் இழுத்தது போல வெளிர்கோடுகள், அடியில் ஊதா. மழைக்காட்டில் பிறந்த சாதி. காற்றில் ஈரம் குறைந்தால் இலையின் ஓரம் கருகிச் சுருண்டுவிடும். குழாய்த் தண்ணீர் ஆகாது. காய்ச்சி ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். வெயில் நேரே படக்கூடாது. மண் காயவும் கூடாது, சொதசொதவென்று இருக்கவும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா போன் செய்வாள். செடியைப் பற்றி மட்டும்தான் கேட்பாள். அந்த நேரத்தில் அப்பா கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார். செடி இங்கே இருக்கிற வரை அவள் ஒரு நாள் வந்தே தீரவேண்டும் என்பது அவர் கணக்கு. வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் சின்னவள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள், வயது முப்பத்திரண்டு. அம்மாவின் தையல் அறையில் செடியை வைத்து, பக்கத்தில் பனிப்புகை விடும் ஒரு கருவியை வைத்து, சுவரில் ஈரம் காட்டும் மானியை மாட்டினாள். முள் அறுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. கருவியில் ஒருமுறை தண்ணீர் நிரப்பினால் ஆறு மணி நேரம் வரும். இப்படியாக அவளுடைய வாழ்க்கை ஆறு ஆறு மணி நேரமாக நறுக்கப்பட்டுவிட்டது. அலுவலகத்தில் கெஞ்சி வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். சினிமா இல்லை, சிநேகிதி வீட்டில் ஒரு ராத்திரி இல்லை. கடைக்குப் போனாலும் கண் கடிகாரத்தில் இருக்கும்.

போன மாதம்தான் முதல் தடவையாக இரண்டு நாள் வெளியூர் போனாள். 'ஆபீஸ் பயிற்சி' என்று வீட்டில் ஒரு பொய். போனது ஒரு நேர்முகத்துக்கு. கடலின் அடித்தரையை அளந்து வரைபடம் போடும் கப்பல் கம்பெனி. செடியை அப்பாவிடம் ஒப்படைத்து, எழுதி வைத்து, பத்துத் தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

"ஆவியைப் பத்தி எனக்கா பாடம் நடத்துறே?" என்றார் அப்பா.

இரண்டாம் நாள் கருவி நின்றுவிட்டது. அப்பா யோசித்தார். ஈரம்தானே வேண்டும். செடியைக் குளியலறையில் வைத்தார், வெந்நீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார், கதவைச் சாத்தினார். மூன்று மணி நேரம். சின்னவள் திரும்பி வந்து பார்த்தபோது இலைகள் வெந்த கீரை போலத் தண்டோடு தொங்கின.

"கொஞ்சம் வாடியிருக்கு. தேறிடும்," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தேறவில்லை. ஓட்டல்களுக்குச் செடி வாடகைக்கு விடும் ஒருவரைத் தேடிப் பிடித்து, அதே உயரத்தில் அதே சாதியில் ஒன்றை வாங்கிவந்து, அப்பா நடக்கப் போயிருந்த நேரத்தில் மாற்றி வைத்தாள். அம்மாவுக்குப் புதுச் செடியைப் படம் எடுத்து அனுப்பினாள். அப்பா அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ம். ஆவி வேலை செஞ்சிருக்கு," என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. கடிதம் வந்து பத்து நாளாகிறது. வருகிறாளா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லவேண்டும்.

இதுவரை நடந்தது இவ்வளவு. அம்மாவோ நாலு மணிக்கு வருகிறாள்.

பத்து மணிக்குச் சின்னவள் ஈரத்துணியோடு தையல் அறையில் இருந்தாள். ஒரு கையை இலைக்கு அடியில் தாங்கி, மறு கையால் காம்பிலிருந்து நுனிவரை துடைத்தாள். அம்மா கற்றுக்கொடுத்த முறை. இருபத்தாறு வருடம் கண்ணாடி துடைத்த கையின் முறை.

அப்பா வாசலில் வந்து நின்றார்.

"அம்மா இன்னைக்கு வர்றாங்க," என்றாள்.

"எதுக்கு?"

"செடியை எடுத்துக்கிட்டுப் போக."

அவர் திரும்பிப் போனார். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அரை மணி கழித்துப் பார்த்தால் முகம் மழித்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் இருந்தார். கூடத்தில் கிடந்த பழைய பேப்பர்களை அடுக்கிக் கட்டினார். சாப்பாட்டு மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையை மறுபடி துடைத்தார்.

"நாற்காலி நாலும் நல்லாத்தானே இருக்கு?"

"இருக்குப்பா."

"ஒண்ணு ஆடும். அது எதுன்னு பாத்து ஓரமாப் போட்டுடு."

அவள் ஆடும் நாற்காலியைத் தேடி எடுத்து ஓரமாகப் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன். அக்கா கல்யாணமாகி வேறு நாட்டில் இருக்கிறாள். தங்கைக்கு யோசனை சொல்வதில் இதுவரை ஒரு குறையும் வைத்ததில்லை.

"அம்மா செடியை எடுத்துக்கிறாங்களாமே. நல்லதாப் போச்சு. உனக்குப் பாதி வேலை மிச்சம். இனிமே அப்பாவை மட்டும் பாத்துக்கிட்டாப் போதும்."

அந்த 'மட்டும்' சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அக்கா, எனக்கு வெளியூர்ல ஒரு வேலை..."

"அப்புறம் பேசலாமா? மீட்டிங் ஆரம்பிக்கப்போகுது. அப்பா மாத்திரை சரியா சாப்பிடறாரில்ல?"

"சாப்பிடறார்."

"நீ இருக்கிறதாலதான் நான் நிம்மதியாத் தூங்குறேன். வைக்கட்டுமா?"

வைத்துவிட்டாள். சின்னவள் கம்பெனிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். நாலு மாதம் கடலில், ஒரு மாதம் கரையில். திருப்பி மேசை இழுப்பறையில் போட்டாள்.

இரண்டரைக்கு அவளுக்கு ஒன்று நினைவு வந்தது. பழைய செடியில் ஒரு இலையின் ஓரத்தில் பிறைவடிவில் ஒரு வெட்டு உண்டு. அம்மா துணி வெட்டும்போது கத்தரிக்கோல் தவறிப் பட்டது. அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாள். புதுச் செடியில் அது இல்லை. அம்மா கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும்.

அம்மாவின் கத்தரிக்கோல் இன்னும் இழுப்பறையில் இருந்தது. சின்னவள் ஒரு இலையைப் பிடித்தாள். பிறைபோல ஒரு சின்ன வெட்டு. விழுந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய், அதற்கு இப்போது கத்தரிக்கோலும். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நாலு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அழைப்புமணி ஒலித்தது.

அம்மா இளைத்திருந்தாள். கையில் உயரமான அட்டைப்பெட்டி, அதற்குள் ஈரத்தில் நனைத்துப் பிழிந்த பேப்பர். சின்னவளின் கன்னத்தைத் தொட்டாள். "ஏன்டி கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு?"

அப்பா எழுந்து நின்றார். "வா," என்றார்.

"ம்," என்றாள் அம்மா.

பதினோரு மாதத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் அவள் உட்காரவில்லை. நேரே தையல் அறைக்குப் போனாள்.

முதலில் மானியைப் பார்த்தாள். அறுபத்து நாலு. மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டு எடுத்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு இலையாகத் திருப்பி ஊதா அடியைப் பார்த்தாள். பிறைவெட்டு இலையில் அவள் விரல் நின்றது.

அறையில் பனிப்புகை மெல்லச் சுருண்டுகொண்டிருந்தது. சின்னவளுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த அறையில் எந்நேரமும் அப்படித்தான், இன்று அதற்குமேல்.

அம்மா விரல்நுனியை வெளிச்சத்தில் பார்த்தாள். பளபளத்தது.

"வெட்டு இன்னும் ஈரமா இருக்கு," என்றாள்.

"மண்ணு மாத்தினேன்மா, அப்ப ஏதோ பட்டு..." சின்னவள் மென்று விழுங்கினாள்.

"அது வேற செடி."

சொன்னது அப்பா. வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இருவரும் திரும்பினார்கள்.

"உன் செடியை நான் கொன்னுட்டேன். வெந்நீரைத் திறந்து விட்டு, கதவைச் சாத்தி அவிச்சுட்டேன். இவ தெரியாம மாத்தி வச்சா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. குப்பைத்தொட்டியில தண்டைப் பார்த்தேன். தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. சின்னவள் சுவரில் சாய்ந்தாள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அழுவாள் என்று நினைத்தாள் சின்னவள். அழவில்லை.

"நீ முதல் படம் அனுப்பின அன்னைக்கே எனக்குத் தெரியும்டி. பழைய செடியில கோடு வெளுத்துப்போயிருக்கும். இதுல இன்னும் ரோஸ் இருக்கு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். மூணு வாரமாத் தூக்கம் இல்லை எனக்கு. ஒரு செடி செத்ததை அம்மாகிட்டச் சொல்ல முடியாம கடை கடையா அலைஞ்சு வாங்கி வைக்கிற அளவுக்கு இவளை என்ன பண்ணி வச்சிருக்கோம்னு. செடிக்காக வரலை. உன்னைப் பாக்கத்தான் வந்தேன். வேற என்ன சொல்லிக்கிட்டு இந்தப் படி ஏறுறது?"

சின்னவள் பேச வாயெடுத்தாள். அதற்குள் அப்பா, "இன்னொண்ணு இருக்கு," என்றார்.

சட்டைப்பையில் கைவிட்டார், எடுத்தார், மறுபடி விட்டார்.

"நேத்து நீ குளிச்சுக்கிட்டிருந்தப்ப வீட்டு போனுக்கு ஒரு பொண்ணு பேசினா. கப்பல் கம்பெனி. சாயங்காலம் அஞ்சு இல்லையாம். இன்னைக்கு மதியம் பன்னிரண்டுக்குள்ள பதில் வேணுமாம். சொல்லச் சொன்னா."

அவளுக்கு முதலில் அது காதில் ஏறவே இல்லை. ஏறியதும் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபது.

"நேத்தா, அப்பா?"

"நேத்து."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ போயிடுவே."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமும் இல்லை, கள்ளத்தனமும் இல்லை. வயசான முகம் மட்டும் இருந்தது. அதுதான் அவளை இன்னும் எரித்தது. கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் அவர் வாயை மூடிக்கொள்வார். பிறகு மாசக்கணக்கில் இந்தச் சுவர்களோடுதான் பேசவேண்டும். அவள் கூடத்துக்குப் போய் போனை எடுத்தாள்.

நாலு தடவை மணி அடித்தது, பிறகு காத்திருக்கச் சொல்லும் குரல், இசை, மறுபடி அதே குரல். ஒருவழியாக ஒரு பெண் பேசினாள்.

"சாரி மேடம். மதியம் வரைக்கும் பார்த்தோம். அந்த இடத்தை இன்னொருத்தருக்குக் கொடுத்தாச்சு."

சின்னவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சரிங்க," என்றாள்.

"ஒரு நிமிஷம், வைக்காதீங்க." மறுபக்கம் யாரோடோ பேசும் சத்தம். "வேற ஒரு கப்பல்ல வரைபட ஆள் உடம்பு சரியில்லாம இறங்கிட்டார். வியாழக்கிழமை காலையில கிளம்புது. ஆறு மாசம். உங்களால முடியுமா? நான் இப்பவே பேரை ஏத்தணும்."

"நாளை மறுநாளா?"

"ஆமா. நாளைக்கு மூணு மணிக்குள்ள பாஸ்போர்ட்டோட ஆபீசுக்கு வரணும். லைன்ல இருக்கேன், சொல்லுங்க."

சின்னவள் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அம்மா அறை வாசலில். அப்பா சாப்பாட்டு மேசை அருகே. இரண்டு பேருக்கும் கேட்டிருந்தது. யாராவது ஒருவர் 'போ' என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அம்மா எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். மகள் போனால் இந்த வீட்டில் அவர் தனியாக இருப்பார். 'போ' என்று சொன்னால் 'அப்ப நீ வா' என்று திரும்பும் என்கிற பயம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் சொல்லப்போவதில்லை.

"வர்றேன்," என்றாள் போனில். குரல் கம்மியது. இன்னொரு தடவை தெளிவாகச் சொன்னாள். "வர்றேங்க. பேரை ஏத்திடுங்க."

அம்மா அட்டைப்பெட்டியிலிருந்து ஈரப் பேப்பரை எடுத்துக் குப்பையில் போட்டாள். வெறும் பெட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"செடி?" என்றாள் சின்னவள்.

"அது என்னோடது இல்லைடி. நீ வாங்கினது." மகளின் தலையைத் தன் தோளோடு ஒரு கணம் அணைத்துக்கொண்டாள். "ஸ்டேஷனுக்கு நாளைக்கு நான் வர்றேன். எத்தனை மணி வண்டின்னு சொல்லு."

அவள் வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டியபோது அப்பா பின்னால் வந்து நின்றார்.

"அதுக்கு எப்படித் தண்ணி ஊத்தணும்?"

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நாற்பது வருடத்தில் அவர் தன்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டாரா என்று அவள் தேடிப்பார்ப்பது போல இருந்தது.

"இப்ப சொன்னா மறந்துடுவீங்க," என்றாள். "ஞாயித்துக்கிழமை நீங்க போன் பண்ணுங்க. சொல்றேன்."

இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். படியில் அவள் காலடிச் சத்தம் தேய்ந்து போகும் வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

"அவ நம்பர் என்ன?" என்றார் அப்பா.

பதினோரு மாதமாக அவரிடம் அந்த நம்பர் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். வாங்கிப் படித்தார், நாலாக மடித்தார்.

"ஆறு மாசமா?"

"ஆமாப்பா. அப்பா, நாளைக்கு மூணு மணிக்குள்ள பாஸ்போர்ட் வேணும்."

வீட்டின் முக்கியமான காகிதங்கள் அத்தனையும் அவர் அறையில் இருக்கும் இரும்பு அலமாரியில்தான். பெண்களின் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம், அம்மா எடுக்காமலே போன அவளுடைய கல்யாணப் பதிவுக் காகிதம். சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும்.

அப்பா அவளைப் பார்த்தார். தலையசைத்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். உள்ளே தாழ் விழுந்தது.

எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்துக் காத்திருந்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அலமாரி திறக்கும் கிரீச் சத்தம் வரவில்லை. கட்டில் மட்டும் ஒருமுறை முனகியது.

தட்டினாள். "அப்பா, அலமாரிச் சாவி வேணும்."

மறுபடி தட்டினாள்.

"அப்பா, முடியாதுன்னாலும் சொல்லிடுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க."

உள்ளே ஓர் அசைவும் இல்லை. இந்தக் கதவுக்கு முன்னால் அம்மா இப்படி எத்தனை சாயங்காலம் நின்றிருப்பாள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். அப்படியே கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய்த் தட்டினாள்.

நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.